'நூன்' என்றால் எத்தனை மணி?

(வானொலியில் வழங்கிய தவக்கால மறையுரை)



தவக்காலத்தின் பாதியைக் கடந்துகொண்டிருக்கிறோம். வெயிலும் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை, வீட்டில் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று நம் குடும்பங்கள் இந்தக் காலத்தை மரியாதையோடு கடைப்பிடித்து வருகின்றன. இன்று ஒரு நற்செய்திப் பகுதியை எடுத்து விளக்குவதற்குப் பதிலாக, ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக நற்செய்திக்குள் போகலாம் என்று நினைக்கிறோம். சின்னச் சொல்தான். 'நூன்'.

நெய்வேலி நகரியத்தில் இந்தச் சொல்லைச் சொல்லாதவர் யார்? அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதுகிறவர் எஃப்.என். என்றோ ஏ.என். என்றோ போடுகிறார். அந்த 'என்' நூன்தான். மதியத்துக்கு மேல் பள்ளி வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று, ஒரே ராகத்தில் இழுத்து, 'குட் ஆஃப்டர்நூன் ஃபாதர்' என்கிறார்கள். நூன் என்றால் பகல் 12 மணி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பன்னிரண்டு இல்லை, ஒன்பது இருக்கிறது.

இலத்தீனில் ஒன்பதுக்கு 'நோவெம்' என்று பெயர். ஒன்பதாவது என்பது 'நோனா'. 'நோனா ஹோரா' என்றால் ஒன்பதாம் மணி. இந்த நோனா துறவிகளோடு இங்கிலாந்துக்குப் போய், பழைய ஆங்கிலத்தில் 'நோன்' ஆகி, பிறகு 'நூன்' ஆயிற்று. இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ஆம் நாள் கொடி ஏறியதும் நவநாள் தொடங்குகிறோமே, அதை ஆங்கிலத்தில் 'நொவேனா' என்கிறோம். ஒன்பது நாள் செபம். அதுவும் நோவெம் வீட்டுப் பிள்ளைதான். நவம்பர் மாதமும் அப்படியே. உரோமையரின் பழைய நாள்காட்டி மார்ச்சில் தொடங்கியதால் நவம்பர் ஒன்பதாவது மாதமாக இருந்தது. இன்று அது பதினோராவது மாதம், ஆனாலும் பழைய பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நவம்பர் இரண்டு மாதம் பின்னால் போயிற்று. நூனோ மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அது முன்னால் வந்ததற்குப் பசி பெரிய காரணம். அந்தப் பசியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

ஒன்பதாம் மணி என்றதும் காலை ஒன்பது என்று எண்ணிவிடக் கூடாது. இயேசு வாழ்ந்த காலத்தில் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பகலைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு ஒரு மணி. ஆகவே அந்த மணி எல்லா நாளும் ஒரே அளவாக இருப்பதில்லை. உரோமை நகரில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம் நீளும், டிசம்பரில் ஏறக்குறைய 9 மணி நேரத்துக்குச் சுருங்கும். அதனால் அவர்களுடைய ஒரு 'மணி' கோடையில் நம் கடிகாரத்தின் 75 நிமிடம், குளிர்காலத்தில் 45 நிமிடம். கணக்கு எப்படிப் போனாலும் ஆறாம் மணி உச்சிப்பொழுதில் வரும், ஒன்பதாம் மணி உச்சிக்கும் சூரிய மறைவுக்கும் நட்ட நடுவில் வரும். அதாவது, பிற்பகல் மூன்று. நம் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நமக்கு எளிதாகப் புரிவதற்காக 'பிற்பகல் மூன்று மணி' என்றே போட்டிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த பெரியவர்களுக்கு 'ஒன்பதாம் மணி' நினைவிருக்கும்.

தமிழுக்கு இந்தக் குழப்பமே இல்லை. உச்சிவேளை என்கிறோம், தலைக்கு மேலே பார்த்தால் போதும். நண்பகல் என்கிறோம். நள்ளிரவில் இருக்கிற அதே 'நள்' இங்கேயும் இருக்கிறது, நடு என்று பொருள். கோயிலில் உச்சிக்காலப் பூசை நடக்கிறது. நம் இசுலாமியச் சகோதரர்களின் லுஹர் தொழுகை நேரமும் சூரியன் உச்சியிலிருந்து சாய்வதைப் பார்த்தே தொடங்குகிறது. எல்லாமே வானத்தைப் பார்த்துச் சொன்ன நேரங்கள். (அந்த வானமும் நம் கைக்கடிகாரமும் ஒத்துப்போவதில்லை என்பது வேறு விஷயம். இந்திய நேரத்தை 82½ பாகை தீர்க்கக்கோட்டை வைத்துக் கணிக்கிறார்கள். நெய்வேலி அதற்கு ஏறக்குறைய மூன்று பாகை மேற்கே இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது மணி சராசரியாகப் பன்னிரண்டே கால் ஆகப் போகிறது.) ஆங்கிலம் மட்டும் ஓர் எண்ணைக் கொண்டு உச்சிக்குப் பெயர் வைத்திருக்கிறது, அந்த எண்ணும் பொருந்தவில்லை.

சரி, அந்த ஒன்பதாம் மணிக்கு என்ன மரியாதை? எருசலேம் ஆலயத்தில் நாள்தோறும் இரண்டு வேளை பலி நடந்தது. பிற்பகல் பலி ஒன்பதாம் மணி அளவில். யூத மக்கள் அந்த நேரத்தைச் செப நேரமாக வைத்திருந்தார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் பேதுருவும் யோவானும் கோவிலுக்குப் போவது அந்த நேரத்தில்தான். வாசலில் கால் ஊனமுற்ற ஒருவர் பிச்சை கேட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து நடந்து, துள்ளிக் குதித்து அவர்களோடு கோவிலுக்குள் போகிறார். அதற்கும் முன்னால், கல்வாரியில், மாற்கு நற்செய்தியாளர் மணிக்கு மணி குறித்து வைத்திருக்கிறார். மூன்றாம் மணிக்கு ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தார்கள். ஆறாம் மணியிலிருந்து ஒன்பதாம் மணி வரை நாடெங்கும் இருள். ஒன்பதாம் மணிக்கு அவர் உரத்த குரலில் தம் தந்தையை நோக்கிக் கூவி, உயிர் துறந்தார். பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு நாம் கூடுவது அதனால்தான். புனித ஃபவுஸ்தினாவின் வழியாக நமக்கு வந்த இறை இரக்க பக்தியில் மூன்று மணிக்குச் சற்று நின்று செபிப்பதும் அதனால்தான்.

அப்படியானால் 'நூன்' என்ற சொல், அதன் பிறப்பின்படி, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தின் பெயர். 'குட் ஆஃப்டர்நூன்' என்று சொல்கிற பிள்ளை தனக்குத் தெரியாமலேயே கல்வாரியைத் தொட்டுப் பேசுகிறது.

இந்தப் பெயர் மூன்று மணியிலிருந்து பன்னிரண்டுக்கு எப்படி நகர்ந்தது என்று பார்ப்பதற்கு முன், திருத்தூதர் பணிகளின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு சிறிய செய்தியைக் கவனிப்போம். செசரியாவில் கொர்னேலியு என்ற நூற்றுவர் தலைவர் ஒன்பதாம் மணிக்குக் காட்சி காண்கிறார். மறுநாள் யோப்பாவில் பேதுரு ஆறாம் மணிக்கு, உச்சிவெயிலில், வீட்டின் மேல்தளத்தில் ஏறிச் செபிக்கிறார். அங்கே லூக்கா ஒரு வார்த்தை சேர்க்கிறார். பேதுருவுக்குப் பசி எடுத்தது, ஏதாவது சாப்பிட விரும்பினார், கீழே சமையல் நடந்துகொண்டிருந்தது. அந்த இடைவேளையில்தான் அவருக்குக் காட்சி வருகிறது, அதுவும் உணவைப் பற்றிய காட்சி! திருச்சபையின் முதல் தலைவர் செபிக்கும்போது வயிறு பசித்தது என்பதை மறைக்க வேண்டும் என்று லூக்காவுக்குத் தோன்றவில்லை. செபத்தையும் பசியையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதிவிட்டார்.

அந்தப் பசிதான் பிறகு மணியை நகர்த்தியது.

ஒருசந்தி என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தி என்றால் பொழுதும் பொழுதும் கூடுகிற வேளை. ஒரு வேளை மட்டும் உண்பது ஒருசந்தி. இன்று திருச்சபைச் சட்டப்படி நாம் கட்டாயமாக ஒருசந்தி இருக்க வேண்டிய நாள்கள் இரண்டுதான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரை. பழைய காலத்தில் தவக்காலம் முழுவதும் ஒருசந்தி. அந்த ஒரு சாப்பாடு எப்போது என்பதுதான் கேள்வி. துறவியருக்கு அது செப மணியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. நோன்பு நாளில் ஒன்பதாம் மணிச் செபம் முடிந்த பிறகே பந்தி. செபம் முடியவில்லை என்றால் சோறும் இல்லை.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசீனோவில் தம் சீடர்களுக்குச் சட்டம் எழுதினார் புனித பெனடிக்ட். நம் பெரியவர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனிதர் இவரே. அந்தச் சட்டத்தின் 41-ஆம் அதிகாரம் முழுவதும் சாப்பாட்டு நேரம்தான். துறவு மடத்துச் சட்டம் என்றதும் கெடுபிடியாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிக்கிறோம். இருப்பது வேறு. பெந்தக்கோஸ்து முடிந்த கோடையில் புதன், வெள்ளிகளில் ஒன்பதாம் மணி வரை சாப்பிடாமல் இருக்கட்டும் என்கிறார். உடனே, வயல்வேலை இருந்தாலோ வெயில் கடுமையாக இருந்தாலோ இது வேண்டாம் என்கிறார். அப்போது ஆறாம் மணிக்கே, உச்சிப்பொழுதிலேயே, சாப்பிடலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மடத்து அதிபர். எதற்காக? சகோதரர்கள் முணுமுணுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக. 'நியாயமான முணுமுணுப்பு' என்று ஒன்று உண்டு என்பதை ஒரு புனிதர் ஏற்றுக்கொண்டு சட்டத்தில் எழுதியிருக்கிறார் என்பது எங்களுக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

48-ஆம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி போகிறார். கோடையில் ஆறாம் மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் சத்தமில்லாமல் படுத்து ஓய்வெடுக்கட்டும். (மதியத் தூக்கத்துக்கு ஸ்பானிய மொழியில் 'சியெஸ்தா' என்று பெயர். அதுவும் 'செக்ஸ்தா', ஆறாம் மணி, என்பதிலிருந்து வந்ததுதான். ஆக, சாப்பாட்டுக்குப் பின் கண் அயர்கிறவர்களுக்கும் ஒரு புனிதரின் ஆதரவு இருக்கிறது.) அதன்பின் ஒன்பதாம் மணிச் செபத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே, எட்டாம் மணி பாதியிலேயே சொல்லிவிட்டு, மாலை வரை வேலைக்குப் போகட்டும் என்கிறார். பாருங்கள், ஒன்பதாம் மணி தன் இடத்தைவிட்டு முதலில் அசைந்தது இங்கேதான். யாருக்காக? வெயிலில் வேலை செய்கிறவனுக்காக.

அசைந்தது நிற்கவில்லை. நூற்றாண்டுகள் போகப் போக, நோன்பு நாளிலும் சாப்பாட்டைச் சற்று முன்னால் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். செபம் முடியாமல் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மீற மனமில்லை. ஆகவே செபத்தை முன்னால் இழுத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினா நகர்ப் புனித தோமா தம் இறையியல் தொகுப்பில் (இலத்தீனில் அதற்குச் 'சும்மா' என்று பெயர். இறையியல் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் சிரிக்கிற சிரிப்பு இது) நோன்பு முறிக்க ஒன்பதாம் மணியே தகுந்தது, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தோடு நம் நோன்பும் இணைகிறது என்று விளக்குகிறார். அதே இடத்தில், நேரத்தை நூல்பிடித்து அளக்க வேண்டாம், ஏறக்குறைய ஒன்பதாம் மணியாக இருந்தால் போதும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். 'ஏறக்குறைய' என்று சொன்னால் மனிதர் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் 'கொன்விவியோ' நூலில், நோனா மணியை உச்சிப்பொழுதில் அடிப்பதுதான் சரி என்றே எழுதுகிறார். கொன்விவியோ என்றால் விருந்து, பெயர் பொருத்தம்தான். அந்த நூற்றாண்டுக்குள் இங்கிலாந்திலும் நூன் என்றால் பகல் பன்னிரண்டு என்று ஆகிவிட்டது. செபம் முன்னால் போயிற்று, சாப்பாடு அதன் பின்னாலேயே போயிற்று, பெயரும் கூடவே போய் உச்சியில் உட்கார்ந்துகொண்டது.

இதைவிட வேடிக்கை தவக்காலத்தில் நடந்தது. தவக்கால நோன்பு மாலைச் செபம் வரை. மாலைச் செபம் சொன்ன பிறகே சாப்பாடு. ஆகவே என்ன செய்தார்கள்? பிற்காலத்தில் மாலைச் செபத்தையே நண்பகலுக்கு முன்னால் சொல்லத் தொடங்கினார்கள். வெளியே சூரியன் தலைக்கு மேல் காய்கிறது, உள்ளே குருக்கள் மாலைப் பொழுதுக்கு நன்றி கூறிக்கொண்டிருக்கிறார்கள்! பல நூற்றாண்டுகள் இது வழக்கமாக இருந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் கொள்கைத் திரட்டில், ஒவ்வொரு செபமும் அதன் உண்மையான நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

அன்பார்ந்தவர்களே, இந்த வரலாற்றில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேருமே மணியை முன்னால் நகர்த்தியவர்கள். ஒருவர், அடுத்தவன் வெயிலில் வேலை செய்கிறான் என்பதற்காக நகர்த்தினார். மற்றவர், சட்டமும் கெடக் கூடாது, தம் சாப்பாடும் தள்ளிப்போகக் கூடாது என்பதற்காக நகர்த்தினார். கடிகாரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் நேரத்தை மாற்றலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்காக மாற்றுகிறோம் என்று கேட்க வேண்டும்.

நம் தமிழ்நாடு இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் சொல்லியிருக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் தன் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் போயிற்று. 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அரசுக் கோப்புகளில் ஆங்கிலத்தில் இது 'நூன் மீல்'. துறவியருக்கு நோனா என்பது சாப்பிடாமல் காத்திருந்த நேரம். நம் ஊரில் அதே சொல், பசித்த பிள்ளைக்குத் தட்டில் சோறு விழுகிற நேரத்துக்குப் பெயராகிவிட்டது. அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கு வந்து, படித்து, வேலை பெற்று, இன்று நம் கோவில் இருக்கைகளில் அமர்ந்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நெய்வேலி, கடிகாரத்தால் கட்டப்பட்ட ஊர். 1956-இல் நிறுவனம் உருவாகி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த ஊருக்கு இரவு என்று ஒன்று முழுமையாக வந்ததே இல்லை. மண்வெட்டும் ராட்சத இயந்திரம் நிற்பதில்லை, கொதிகலன் அணைவதில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று வீட்டில் தகப்பனின் நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்குப் பகல் பன்னிரண்டு நள்ளிரவு. 'அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே' என்று தாய்மார் பிள்ளைகளை அடக்குகிற ஊர் இது. அப்படிப்பட்ட வீட்டில் குடும்பச் செபத்துக்கு ஒரே நேரம் வைக்க முடியவில்லை என்று நம்மிடம் வந்து வருத்தப்படுகிறவர்கள் பலர். அவர்களுக்கு நாம் சொல்வது, பெனடிக்ட் சொன்னதைத்தான். நேரத்தை நகர்த்திக்கொள்ளுங்கள். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம், பிள்ளைகள் சுற்றி நிற்க, போதும். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

ஆனால் இன்னொரு வகையான நேரமும் நம் குடியிருப்புகளில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குக் கொஞ்சம் தயக்கம். காலையில் ஏழு மணிக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து, மூன்று நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, பிற்பகல் மூன்று மணிக்குத் தம் வீட்டுக்கு நடக்கிற அம்மாமார்கள். அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள்? பலருக்கு முதல் வாய்ச் சோறே மூன்று மணிக்குமேல்தான். அவர்களுடைய நூன் இன்னும் பழைய நோனாவிலேயே நிற்கிறது, ஆண்டு முழுவதும், தவக்காலம் இல்லாத நாளிலும். நாமோ அன்றைக்கு ஒருசந்தி. வீட்டில் காலைப் பலகாரம் செய்யவில்லை. ஆகவே வேலைக்கு வரும் அம்மாவுக்கும் காலையில் ஒன்றும் இல்லை. நம் நோன்பு அவர் தலையில் விழுகிறது. நமக்குப் புண்ணியம், அவருக்குப் பட்டினி.

இதைத்தான் எசாயா கடுமையாகப் பேசினார். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் வாசித்தோமே, 58-ஆம் அதிகாரம். நோன்பு நாளிலும் உங்கள் காரியத்தையே பார்க்கிறீர்கள், உங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள் என்று ஆண்டவர் தம் மக்களைக் குறைசொல்கிறார். அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி, பசித்தவர்களுக்கு உன்னிடம் இருப்பதைக் கொடுத்தால் உன் இருள் நண்பகலைப் போல ஆகிவிடும் என்ற பொருளில் வாக்குறுதியும் தருகிறார். கல்வாரியில் நண்பகல் இருட்டானது. எசாயாவிலோ, பசித்தவன் சாப்பிட்டால் இருட்டு நண்பகலாகிறது. இந்த இரண்டு இடங்களையும் இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உரிமையாளரும் ஒன்பதாம் மணிக்கு வெளியே போகிறார். காலையில் போனார், மூன்றாம் மணிக்குப் போனார், ஆறாம் மணிக்குப் போனார். ஒன்பதாம் மணிக்கு, வெயில் தகிக்கிற நேரத்தில், மறுபடியும் சந்தைவெளிக்குப் போகிறார். அறுவடைக் காலத்தில் ஒரு முதலாளி தோட்டத்துக் கொட்டகை நிழலில் சாய்ந்திருக்க வேண்டிய நேரம் அது. ஏன் போகிறார்? இன்னும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரிலும் காலையில் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து வேண்டிய எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போனபிறகு, மீதிப் பேர் உடனே வீட்டுக்குப் போய்விடுவதில்லை. டீக்கடை நிழலில் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். வெறுங்கையோடு பத்து மணிக்கே வீட்டுக்குப் போக எந்தத் தகப்பனுக்கும் மனம் வராது. ஒன்பதாம் மணி வரை நின்றவர்களை ஆண்டவர் இந்த உவமையில் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்களை இதுவரை எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை. கூலியில் பிடித்தமும் செய்யவில்லை.

கடைசியாக, பெரிய வெள்ளி. ஒவ்வோர் ஆண்டும் இந்த வாரங்களில் ஒரு கேள்வி வரும். 'ஃபாதர், மூன்று மணி வெயிலில் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, வழிபாட்டை மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா?' வைத்துக்கொள்ளத் திருச்சபை இடம் கொடுக்கிறது. 1988-இல் வந்த உரோமைச் சுற்றறிக்கை, மூன்று மணியே உகந்த நேரம், மேய்ப்புப்பணிக் காரணம் இருந்தால் நண்பகலுக்குச் சற்றுப் பின்னரோ மாலையிலோ வைக்கலாம், ஆனால் இரவு ஒன்பதைத் தாண்டக் கூடாது என்கிறது. செகண்ட் ஷிப்டில் இருப்பவர்களும், வீட்டு வேலை முடித்து மூன்று மணிக்குத்தான் சோற்றில் கை வைக்கிற அம்மாமார்களும் வந்து, எங்களால் முடியவில்லை என்று சொன்னால், அது பெனடிக்ட் சொன்ன நியாயமான முணுமுணுப்பு. அதற்காக நேரத்தை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். மின்விசிறியின் கீழ் இடம் பிடிக்க முடியவில்லை என்பது அந்தக் கணக்கில் சேராது. அதை அன்போடு சொல்லிவிடுகிறோம்.

ஆகவே எங்கள் பங்கில் இந்த ஆண்டு இப்படி வைத்திருக்கிறோம். பெரிய வெள்ளி வழிபாடு மூன்று மணிக்கே தொடங்கும். வழிபாடு முடிந்தபின் சிலுவையை எடுத்து வைக்காமல், பீடத்தின் முன் இரவு வரை அப்படியே விட்டிருப்போம். கோவில் கதவும் திறந்திருக்கும். ஷிப்ட் முடிந்து சீருடையோடும் பூட்ஸோடும் வருகிறவர்கள் அப்படியே உள்ளே வந்து முத்தி செய்துவிட்டுப் போகலாம். வீட்டுக்குப் போய்க் குளித்து உடை மாற்றி வர வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்களுக்காகக் கோவிலில் யாராவது காத்திருப்பார்கள். அன்று மடப்பள்ளியில் கஞ்சி காய்ச்சுகிறோம், பன்னிரண்டு மணியிலிருந்தே கிடைக்கும். ஒருசந்தி இருப்பவர்கள் வழிபாட்டுக்குப் பிறகு குடியுங்கள். வேலையிலிருந்து பசியோடு வருகிறவர்கள் முதலில் குடித்துவிட்டு, பிறகு கோவிலுக்குள் வாருங்கள்.

தந்தை, மகன், தூய ஆவியாராகிய எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.